நடந்தது வேறு, நினைத்தது வேறு: ஆளுமைக் கோளாறில் திரியும் நினைப்பைக் கையாள முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலையில் ராமேசுவரத்திலிருந்து விசைப்படகு கிளம்பினால் ஞாயிறு காலையில்தான் கரை சேரும். சில கடல் மைல் தாண்டியதுமே செல்போனில் டவர் போய்விடும். தங்கச்சிமடத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இருந்தும் ஒரு வீட்டிலிருந்து அந்த ராத்திரி முழுக்க முப்பது நாற்பது தடவை போன் போகிறது. "எடுக்கல. நான் வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு." விடியும்போது கல்யாண போட்டோ கிழிந்து கிடக்கிறது. மனிதர் வீட்டுக்குள் கால் வைத்ததும் பெரிய சண்டை, இல்லையென்றால் காலைப் பிடித்துக்கொண்டு அழுகை.

டவர் கிடைக்காது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த விஷயம் அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை. ஆளுமைக் கோளாறில் நினைப்பு திரிகிறது என்று சொல்வது இதைத்தான். அதனால்தான் உச்சக் கட்டத்தில் எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் ஏறுவதில்லை. அதே ஆதாரத்தை நிதானமான நேரத்தில் எடுத்துப் பேசினால் வேலை செய்கிறது. இந்த வழிகாட்டியில் வரும் படிகள் எல்லாமே எதை எந்த நேரத்தில் செய்வது என்பதைச் சுற்றித்தான் வருகின்றன.

முதலில்: இது ஆளுமைக் கோளாறுதானா?

பெயர் வைப்பது மருத்துவர் வேலை. வீட்டில் யாரும் யாருக்கும் நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம். சண்டையில் அது வசவாகத்தான் பயன்படும். ஆனால் மருத்துவரிடம் போகத் தேவை இருக்கிறதா என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தன்னைப் பற்றிய எண்ணத்திலும் பிறரோடு பழகும் விதத்திலும் உள்ள சிக்கல் ஏறத்தாழ 2 வருடமோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். ஒரே ஓர் ஆளோடு மட்டும் இல்லாமல் வீடு, தொழில், நட்பு என்று பல இடங்களில் அது தெரிய வேண்டும். பெரும்பாலும் விடலைப் பருவத்திலோ வாலிபத்தின் தொடக்கத்திலோ ஆரம்பித்திருக்கும். அமெரிக்க மருத்துவர்கள் 2013 முதல் பயன்படுத்தும் வகைப்பாட்டில் 10 வகை ஆளுமைக் கோளாறுகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமோ வகையைவிட இலேசா, நடுத்தரமா, கடுமையா என்ற அளவைத்தான் முதலில் கேட்கிறது.

நாற்பது வயது வரை யாரையும் சந்தேகப்படாத மனிதர் திடீரென்று மனைவியைச் சந்தேகிக்கிறார் என்றால், அது வேறு கதை. குடி, தலையில் அடி, தைராய்டு, மனச்சிதைவு, மனச்சோர்வு என்று முதலில் தேட வேண்டியவை நிறைய. நீண்ட நாள் குடியால் மட்டுமே வரும் சந்தேகத்தை ஆளுமைக் கோளாறு என்று நினைத்து வீட்டில் பேசித் தீர்க்கப் பார்த்தால் மாதங்கள் வீணாகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடி வாங்கும் பெண் "இவரு என்னக் கொன்னுருவாரு" என்று பயந்தால் அது திரிந்த நினைப்பு அல்ல. அங்கே இந்த வழிகாட்டியை மூடிவிட்டு 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

இரண்டாவது: எந்த மாதிரித் திரிகிறது என்று பார்க்கப் பழகுவது

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களின் நினைப்பில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை இனம் பிரித்தார். பிறகு அதே முறையை ஆளுமைக் கோளாறுகளுக்கும் விரித்தார். மனச்சோர்வு விலகும்போது அந்தத் தவறுகளும் பெருமளவு குறைந்துவிடும். ஆளுமைக் கோளாறில் அவை சின்ன வயதிலிருந்தே கூட வந்தவை. எனவே அந்தக் கோளாறு உள்ளவருக்கு அது நினைப்பாகவே தெரியாது, உலகமே அப்படித்தான் என்று தெரியும்.

மிக அதிகமாகக் குடும்பங்களை உலுக்குவது கறுப்பு–வெள்ளைப் பார்வை. உணர்வும் உறவும் நிலையில்லாமல் ஊசலாடும் எல்லைநிலை (borderline) ஆளுமைக் கோளாற்றில் இது முக்கியமானது. நேற்று "அக்கா மாதிரி உண்டா" என்றவர், இன்று அக்கா மீன் குழம்பு கொடுத்துவிட மறந்தால் "அவ எப்பவுமே விஷம்" என்பார். நேற்றுச் சொன்னதும் பொய் இல்லை, இன்று சொல்வதும் நடிப்பு இல்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்க மனம் தாங்கவில்லை, அவ்வளவுதான். தன்னையும் அப்படியே பார்ப்பார் என்பதைக் குடும்பத்தார் கவனிப்பதில்லை. ஒரு தப்பு செய்ததும் "நான் இருக்கவே கூடாது" என்று போவது இதே திரிபின் மறுபக்கம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது சந்தேகம், அதாவது மற்றவர் மனதில் கெடுதி இருக்கிறது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு ஆதாரம் தேடுவது. படகில் டீசல், ஐஸ் செலவு போகப் பங்கு பிரிக்கும்போது சம்மாட்டி (படகு முதலாளி) இரண்டு நிமிடம் தனியாகக் கணக்குப் பார்த்தால் "எனக்கு மட்டும் குறைக்கப் பாக்குறாரு". கணக்கைக் காட்டினால் "மாத்தி எழுதிட்டாரு". காட்டாவிட்டால் "பாத்தியா, காட்டல". இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்ட நினைப்பு என்பதுதான் இதை இனம் காணும் வழி. சாதாரண சந்தேகம் ஏதோ ஒரு பதிலில் தணியும், இது எந்தப் பதிலிலும் தணியாது. ஆனால் பங்கில் உண்மையிலேயே ஏமாற்றும் ஆட்களும் இருக்கிறார்கள். கணக்கை ஒரு தடவை ஒழுங்காகச் சரிபார்க்காமல் யாரையும் சந்தேகப் பேர்வழி என்று தள்ளிவிடுவது அநியாயம்.

பேரழிவுக் கணிப்பை இந்தக் கரையில் எடைபோடுவது கஷ்டம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததை இன்னும் வீடுகளில் பேசுகிறார்கள். இலங்கைக் கடற்படை படகைப் பிடிப்பதும் கற்பனை இல்லை. படகு வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது எல்லாப் பெண்களுக்கும் உண்டு. எனவே பயம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஆபத்தோடு சேர்ந்து அது ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளிலும், கடல் குளம்போல் கிடக்கும் நாளிலும் ஒரே உச்சத்தில் பயம் நின்றால், சாப்பாடும் தூக்கமும் இரண்டு நாளும் ஒரே மாதிரி நின்றுபோனால், அங்கே திரிபு இருக்கிறது. சார்ந்திருக்கும் வகை ஆளுமையில் இது "அவர் இல்லேன்னா என்னால ஒரு நாள்கூட முடியாது" என்று வரும். ஒதுங்கும் வகையில் "போனா சிரிப்பாங்க, போகவே வேணாம்" என்று வரும்.

உணர்வையே சாட்சியாக எடுப்பது எல்லா வகையிலும் ஊடுருவி வரும்: "எனக்கு அவமானமா இருக்கு, அப்போ அவன் அவமானப்படுத்திட்டான்." தன்முனைப்பு ஆளுமையில் "வரிசை மத்தவங்களுக்கு". சமூகவிரோத ஆளுமையில் "ஏமாந்தவன் மேலதான் தப்பு". அளவு மீறிய ஒழுங்கு பார்க்கும் ஆளுமையில் "சரியாச் செய்யணும், இல்லேன்னா செய்யவே கூடாது". திரும்பத் திரும்பக் கை கழுவும் நோய் வேறு, இது வேறு.

விநோத நம்பிக்கைகள் கொண்ட வகையில் தொடர்பில்லாதவை தனக்கான செய்தியாகத் தெரியும். இதில் ஊர் நம்பிக்கையை நோயென்று குழப்பக் கூடாது. தர்காவில் நேர்ச்சை, படகுக்குப் பூசை, மாதாவுக்கு மெழுகுவத்தி, இவையெல்லாம் ஊரே பகிரும் நம்பிக்கை. ஊரில் அதே நம்பிக்கை உள்ளவர்களே "இது என்ன, புதுசா இருக்கே" என்று திகைத்தால்தான் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது: 14 நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு ஐந்து கட்டம்: நேரம், நடந்தது, அதற்குத் திரிந்த நினைப்பு வருபவர் கொடுத்த அர்த்தம், உடம்பு நிலை, பிறகு என்ன ஆனது. "நடந்தது" கட்டத்தில் கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். "மதினி முறைச்சா" என்பது பதிவாகாது. "மதினி என்னைப் பார்த்தார், பேசவில்லை, உள்ளே போனார்" என்பது பதிவாகும். இந்தக் கட்டத்தைச் சரியாக எழுதப் பழகவே முதல் நாலைந்து நாள் போய்விடும், போகட்டும்.

ஒரு வரி இப்படி இருக்கும். நேரம்: செவ்வாய் இரவு 9.10. நடந்தது: கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வீடியோ கால், 3 தடவை அடித்தும் எடுக்கவில்லை. அர்த்தம்: "மச்சானுக்கு வேற ஆள் கெடச்சிருச்சு", நம்பிக்கை 100க்கு 95. உடம்பு: முந்தின ராத்திரி 3 மணி நேரத் தூக்கம், மதியம் சாப்பிடவில்லை. பிறகு: 26 வாய்ஸ் மெசேஜ், 10.40க்கு அவர் பேசினார், இரண்டு ஷிப்ட். 11.30க்கு நம்பிக்கை 20.

95 இருபது ஆனதை எழுதியிருப்பது முக்கியம். இதுபோல ஏழெட்டு வரி சேர்ந்தால், தன் நினைப்பு ஏறுவதையும் இறங்குவதையும் தன் கையெழுத்திலேயே அவர் பார்க்கலாம். யார் சொல்லியும் ஏறாத விஷயம் அங்கே ஏறும்.

நோட்டை அவரே எழுத வேண்டும், அல்லது அவருக்குத் தெரிந்து எழுத வேண்டும். சந்தேக குணம் உள்ளவரைப் பற்றி ஒளித்து எழுதி அது ஒரு நாள் தலையணைக்கு அடியில் கிடைத்தால், "எனக்கு எதிரா எல்லாரும் கூடிட்டாங்க" என்ற நினைப்புக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும்.

உடம்புக் கட்டத்தைச் சும்மா விடாதீர்கள். தூக்கம், பசி, குடி, மாதவிலக்கு, கையில் காசு இல்லாதது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டிலேயே இருப்பார்கள், வருமானமும் இருக்காது. அந்த மாதங்களில் எந்தத் திரிபும் கூடத்தான் செய்யும்.

நான்காவது: கொந்தளிக்கும்போது

இந்த நேரத்தில் விவாதம் வேண்டாம். விளக்கம் வேண்டாம். "உனக்குப் பைத்தியமா" வேண்டவே வேண்டாம். அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. சண்டை ஓயட்டும் என்று "சரிம்மா, நீ சொல்றதுதான் சரி" என்று திரிந்த முடிவுக்குத் தலையாட்டுவது. நாளைக்கு அது சாட்சியாக வரும்.

வாசலை மறித்து நிற்காதீர்கள். இரண்டு கை நீளம் தள்ளி, முடிந்தால் உட்கார்ந்து பேசுங்கள். குரல் அவர் குரலைவிட ஒரு படி கீழே இருக்கட்டும். பார்க்க வந்த அக்கம் பக்கத்தாரை அனுப்பிவிடுங்கள். பிறகு உணர்வை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், முடிவை ஏற்க வேண்டாம்:

"ராத்திரி பூரா தனியா, போனும் போகல. ரொம்பப் பயந்துட்ட."

"விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்!"

"அப்படி நெனச்சா யாருக்கும் நெஞ்சு அடைக்கும். இங்கதான் இருக்கேன். தண்ணி குடி, அப்புறம் பேசலாம்."

இதில் "நீ நினைத்தது சரி" என்றும் இல்லை, "தப்பு" என்றும் இல்லை. முதல் வாக்கியத்தோடு "ஆனா" சேர்க்காதீர்கள். "பயந்துட்ட, ஆனா டவர் இருக்காதுன்னு தெரியாதா" என்றால் முன்பாதி அழிந்துவிடும்.

உடம்பைத் தணிக்கச் சில வழிகள் உண்டு. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணி விடுவது, ஐந்து நிமிடம். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் மூச்சடக்கி 15 முதல் 30 விநாடி வைப்பது இதயத் துடிப்பைக் குறைக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கும், சாப்பாட்டைத் தவிர்க்கும் நோய் உள்ளவர்களுக்கும் இது கூடாது. வேகமாக நடப்பதும் உதவும். இவற்றை முதன்முதலாகக் கொந்தளிப்பில் சொல்லித்தர முடியாது. நன்றாக இருக்கும் நாளில் தினமும் ஒரு தடவை பழகியிருந்தால்தான் தேவைப்படும்போது வரும். குறைந்தது 30 நிமிடம் கழியும்வரை நடந்ததைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

ஐந்தாவது: தணிந்த பிறகு நினைப்பைப் பிரித்துப் பார்ப்பது

அன்றே வேண்டும் என்றில்லை, மறுநாள்கூடப் போதும். சாப்பிட்ட பிறகு நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

முதலில் "நடந்தது" வரியை மட்டும் வாசியுங்கள். பிறகு, இதற்கு வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று குறைந்தது மூன்று கேளுங்கள். மூன்றையும் அவரே சொல்ல வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் கட்சி வாதம். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று போடச் சொல்லுங்கள். "விட்டுட்டுப் போயிட்டாரு" என்பது 95இலிருந்து 60க்கு வந்தாலே பெரிய வெற்றி. பூச்சியத்துக்கு இழுக்காதீர்கள், இழுத்தால் மறுபடி நூறுக்கு ஓடும்.

கறுப்பு–வெள்ளைக்கு மீன் ஏலக்கூடத்துப் பழக்கம் நன்றாக உதவும். வலையில் வந்ததை யாரும் மொத்தமாக நல்லது, மொத்தமாகக் கெட்டது என்று சொல்வதில்லை. பெரிய இறால் தனி, பொடி தனி, நண்டு தனி, கழிவு மீன் தனி. அதேபோல ஒரு தாளில் அக்கா செய்ததையெல்லாம் கூறு கூறாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது ஒரு கூறு, குழம்பு மறந்தது ஒரு கூறு, பிள்ளைக்குப் பீஸ் கட்டியது ஒரு கூறு, போன பொங்கலுக்குச் சுடுசொல் சொன்னது ஒரு கூறு. கெட்ட கூற்றை நீக்கச் சொல்லாதீர்கள், அதுவும் தாளில் இருக்கட்டும். எல்லாம் ஒரே ஆள் செய்தது என்று பக்கத்தைக் காட்டினால் போதும்.

சந்தேகத்துக்கு இந்தக் கூறு பிரிப்பு பொதுவாக எடுபடாது. அங்கே சின்னச் சோதனைதான் வழி. "பங்குக் கணக்கை அடுத்த மூணு தடவை கடலுக்குப் போய் வரும்போது நீங்களும் தனியா எழுதுங்கண்ணே, அப்புறம் ரெண்டையும் வெச்சுப் பாப்போம்." என்ன வந்தால் ஏமாற்று, என்ன வந்தால் இல்லை என்பதை முன்னாலேயே எழுதிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முடிவு வந்த பிறகு கோடு நகர்ந்துவிடும்.

ஆறாவது: எல்லை போடுவது

குடும்பங்கள் அதிகம் தோற்பது இங்கேதான். மனைவி கடைக்குப் போனால் லொக்கேஷன் அனுப்பச் சொல்கிறார் கணவர், மனைவியும் அனுப்புகிறார். ஒரு வாரத்தில் போட்டோவும் வேண்டும், அடுத்த வாரம் வீடியோ கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உறுதி கொடுக்கக் கொடுக்கச் சந்தேகம் பத்து நிமிடம் தணிந்து, பெரிதாகத் திரும்பி வரும். "சோதித்ததால்தான் தப்பித்தோம்" என்று மனம் கற்றுக்கொள்கிறது.

எல்லையை நல்ல நேரத்தில் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றுதான். "படகு ஏறும்போது ஒரு கால், கரை இறங்கினதும் ஒரு கால். நடுவுல வர்ற காலுக்குப் பதில் இருக்காது, அது கோவத்துல இல்ல." பிறகு சொன்னதைச் செய்யுங்கள். கரை இறங்கியதும் அந்தக் காலைத் தவறவிட்டால் எல்லாம் உடையும். முதல் இரண்டு வாரம் நிலைமை கூடுதலாக மோசமாகும், இது எதிர்பார்த்ததுதான். அந்த இரண்டு வாரத்தில் ஒன்பது தடவை மறுத்துவிட்டுப் பத்தாவது தடவை விட்டுக்கொடுத்தால், பத்துத் தடவை அடித்தால் கிடைக்கும் என்று கற்பித்ததாக ஆகும். பத்துக்கும் நிற்க முடியாது என்று தோன்றினால் இந்த எல்லையை இப்போது போடாதீர்கள், சின்னதாக ஒன்றில் தொடங்குங்கள்.

மாமியாரும் கணவரும் வேறு வேறு எல்லை வைத்தால் கறுப்பு–வெள்ளைதான் வளரும். வீட்டில் உள்ளவர்கள் ஒரே சொல்லில் நிற்க வேண்டும்.

ஏழாவது: சிகிச்சை

ஆளுமைக் கோளாற்றுக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மைக்கு மருந்து கொடுப்பார்கள், அது தேவைதான். மையச் சிகிச்சை பேச்சு வழியானது. நினைப்பையும் செயலையும் மாற்றப் பழக்கும் பெக்கின் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒன்று. சின்ன வயதில் பதிந்த நினைப்புகளைத் தேடித் திருத்தும் ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சை இன்னொன்று. எல்லைநிலை வகைக்கு அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய, கொந்தளிப்பைத் தாங்கவும் தணிக்கவும் பழக்கும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில் வாரம் ஒரு தனி அமர்வும் ஒரு குழுப் பயிற்சியுமாக ஏறத்தாழ ஒரு வருடம் போகும். இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் கிடந்தவர் அவர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் எல்லைநிலைக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. "இது திருந்தாத ஜென்மம்" என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகலாம். முதலில் பேசிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். போகும்போது நோட்டை எடுத்துச் செல்லுங்கள். "இவன் கோவக்காரன்" என்று அரை மணி நேரம் சொல்வதைவிட அதன் மூன்று பக்கம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

ஏர்வாடி தர்காவுக்கு வேண்டுதலோடு போகிறவர்கள் போகட்டும், தொழுகையும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. ஆனால் சங்கிலி போடுகிற எந்த இடத்திலும் யாரையும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது.

எப்போதும் கையில் இருக்க வேண்டியது

"செத்துருவேன்" என்ற சொல்லை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். ஐம்பது தடவை சொன்னவரும் ஐம்பத்தோராவது தடவை செய்ய முடியும். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுரலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பக்கத்து வீட்டுக்கு மாற்றுங்கள், 14416ஐ அழையுங்கள். ஏதாவது செய்துவிட்டால் உடனே 108. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். அதே 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது.

கவனிப்பவர் ஒரே ஆளாக இருந்தால் ஆறு மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஆளுக்கும் எல்லைகள் எழுதிய பக்கத்தைக் காட்டிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து முதல் 14 நாள் பக்கங்களையும் புதிதாக எழுதிய 14 நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொந்தளிப்பு எத்தனை தடவை வந்தது என்று எண்ணாதீர்கள், அது மெதுவாகத்தான் குறையும். தணிய எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணுங்கள். ஒரு பகல் முழுக்க நீடித்தது இரண்டு மணி நேரத்துக்கு வந்திருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. அசைவே இல்லையென்றால் இரண்டு கட்டுப் பக்கங்களையும் மருத்துவரிடம் கொடுத்து, முறையை மாற்றலாமா என்று கேளுங்கள். மார்ச் கடைசியில் இன்னொரு பக்கம் தனியாக எழுதிவிடுங்கள்: தடைக்கால 61 நாளுக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து, யார் எந்த நேரம் வெளியே போவது, எந்த இரண்டு சாயங்காலம் யாருடைய பொறுப்பு.